பக்கெட்டில் எங்கள் ஊர்

புத்தளத்து உப்பு ஊரை விட்டுப் போகும்போது சாக்கில்தான் போகும். பாலாவிச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் உப்பு மூட்டை அடுக்கிய லொறிகள் கொழும்புப் பக்கம் போவதைப் பார்க்கலாம். சாக்கில் ஏதாவது எழுதியிருந்தால் அது முன்பு அதற்குள் இருந்த மாவின் பெயராகவோ சீனியின் பெயராகவோ இருக்கும். கற்பிட்டிக் கருவாட்டுக்கும் இதே கதிதான். கண்டக்குழியிலும் குறிஞ்சிப்பிட்டியிலும் காய்ந்த கட்டாவும் சீலாவும் கட்டுக் கட்டாகப் புறக்கோட்டைக்குப் போய்ச் சேரும். அங்கே யாரோ ஒருவர் அதைப் பிரித்து, நிறுத்து, பளபளக்கும் பையில் போட்டுத் தன் பெயரை ஒட்டுவார். சில வாரத்தில் அந்தப் பை திரும்பி வந்து எங்கள் ஊர்க் கடையிலேயே தொங்கும். விலை மட்டும் வேறு.

சின்ன வயதிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டிருந்த இந்த விஷயத்தை நான் கவனிக்கத் தொடங்கியது போட்டோஷொப் கற்ற பிறகுதான்.

2000களின் தொடக்கத்தில் புத்தளம் நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டோகொப்பி, பெக்ஸ், அடையாள அட்டைப் படம், கலியாணக் கார்ட், தேர்தல் வந்தால் நோட்டீஸ். முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பின்னறைக் கம்பியூட்டரில் பேஜ்மேக்கர், கொரல் ட்ரோ, போட்டோஷொப் மூன்றும் இருந்தன. போட்டோஷொப்பின் 7ஆவது பதிப்பு 2002இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்தும் எங்கள் பக்கத்துக் கடைகளில் வெகுகாலம் ஆண்டது அதுதான். பழைய மெஷினிலும் ஓடும். ஒரு சீடி கிடைத்தால் ஊருக்கே போதும். அந்த சீடி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் அப்போது யாரிடமும் இல்லை.

பக்கெட் டிசைன் என்று முதலில் வந்தவர்கள் பெண்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல தோணியேறிக் கற்பிட்டியில் கரையிறங்கின. மற்றவர்கள் தரை வழியாக வந்தார்கள். தில்லையடி, ஆலங்குடா என்று கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை. நான் கடையில் சேர்ந்த காலத்தில் அந்தக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து மாசிச் சம்பல், மிளகாய் போட்டுப் பொரித்த நெத்தலி, இடியப்ப மா என்று செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். வெறும் பொலித்தீன் பையில் போட்டு, மெழுகுதிரியில் வாயை உருக்கி ஒட்டியிருப்பார்கள். கடைக்காரர் எடுக்கமாட்டேன் என்கிறார், லேபல் வேண்டுமாம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

"நல்லா பளபளண்டு இரிக்கோணும் மகன். கொழும்புச் சாமான் மாதிரி."

எல்லோரும் கேட்டது இதைத்தான். பளபளப்புக்குக் குறையே இல்லை. எழுத்துக்கு நிழல், எழுத்தைச் சுற்றித் தங்கக் கோடு, பின்னால் சூரியக் கதிர், மூலையில் ஒரு நட்சத்திரத்துக்குள் 'தரமானது'. போட்டோஷொப்பில் ஓரிரு சொடுக்கில் வரும் வேலைகள் இவை. அந்தக் காலத்து லேபல்களை இப்போது எடுத்துப் பார்த்தால் கண் கூசுகிறது. ஆனால் வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தது, விற்கவும் செய்தது. அழகியல் பேசி ஒரு குழுவின் வருமானத்தைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னால் தாங்க முடியாமல் போனது மீன் படம்தான். இன்டர்நெட் வந்ததும் எல்லோருக்கும் கூகிள் மீன் வேண்டும். இளஞ்சிவப்புத் தசையோடு பனிக்கட்டியில் படுத்திருக்கும் ஏதோ குளிர்நாட்டு மீன், உள்ளே இருப்பதோ நெத்தலி. கற்பிட்டியில் டொல்பின் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும் ஒருவர் தன் கருவாட்டு லேபலில் துள்ளும் டொல்பினைப் போடச் சொன்னார். ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பிராணியாம். டொல்பினைப் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம், இதைப் பார்த்தால் உள்ளே அதன் இறைச்சி என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார், பிறகு நீங்கள் பொலிசுக்குக் கதை சொல்ல வேண்டிவரும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப திமிங்கிலம்?" என்று கேட்டார்.

அதன் பிறகு நானாவின் கமெராவை இரவல் வாங்கிக்கொண்டு நானே படமெடுக்கப் போனேன். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே அந்த வீதி. நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அப்போது எழும்பவில்லை. மிளகாயும் வெங்காயமும் போட்ட தோட்டங்கள்தான் வழி நெடுக. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் திருவிழா நடக்கும் மார்ச்சிலும் ஜூலை, ஓகஸ்டிலும் போனால் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. அந்த யாத்திரிகர்கள் திரும்பும்போது கருவாடு வாங்காமல் போவதில்லை. அவர்கள் கையில் போவதும் செய்தித்தாளில் சுற்றிய பெயரில்லாப் பொட்டலம்தான்.

கண்டக்குழி வாடிகளில் மீனைக் கீறி, உப்பில் ஊறவிட்டு, கழுவி வெயிலில் பரப்பியிருப்பார்கள். அந்த உப்பு களப்பின் இந்தக் கரையில் விளைந்த அதே உப்பு. மீன், உப்பு, வெயில் மூன்றும் ஒரே மாவட்டத்துச் சரக்கு. வேறு எதுவும் சேராத பொருளுக்கு எதற்குக் குளிர்நாட்டு மீன்? காலை எட்டு மணிக்குள் எடுத்தால் நெத்தலியின் வெள்ளிக் கோடு படத்தில் விழும், பத்து மணிக்கு மேல் எல்லாம் வெளுத்துப் போகும். திரும்பி வந்து பேனாக் கருவியால் ஒவ்வொரு மீனாகச் சுற்றிவர வெட்டி எடுப்பேன். நெத்தலியின் செட்டையும் வாலும் வெட்டுவதற்கு ஒரு பகல் முழுவதும் போகும். நானா எட்டிப் பார்த்து, "மீனை வெட்டுறியா, அறுக்கிறியா?" என்பார்.

உப்பைப் படமெடுப்பது இன்னும் கரைச்சல். உப்பளத்தில் நீர் வற்றி வற்றி அடர்த்தி ஏற, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் தனியே பிரிந்து படியும். அதற்கு அடுத்த பாத்திகளில்தான் உப்பு விளையும். வாரிக் குவித்த உப்பு வெயிலில் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். கமெராவோ அந்த வெளிச்சத்தில் மிரண்டு எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். போட்டோஷொப்பில் லெவல்ஸைத் திறந்து ஒரு முக்கோணத்தை இடது பக்கம் நகர்த்தினால் சாம்பல் வெள்ளையாகும். இன்னும் நகர்த்தினால் மண் கலங்கிய உப்பும் வெள்ளையாகும். எங்கே நிறுத்துவது? ஒரு வியாபாரி பக்கத்தில் இருந்துகொண்டு "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய உப்பு பழுப்பு. கழுவி விற்கச் செலவாகும், படத்தைக் கழுவ என் கூலி மட்டும்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வாங்குகிறவரை ஏமாற்றும் லேபலைத் தடுக்கிறது என்று பிற்பாடு ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எனக்கு விளக்கினார். சட்டம் தெரியாமலே நான் அன்று கையை எடுத்துவிட்டேன். அந்த வியாபாரி வேறு கடைக்குப் போனார்.

நிறம் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் கொழும்பில் அச்சுக்குப் பிளேட் போடும் ஒரு வயசாளி. களப்பின் நீலத்தைப் பின்னணியாக வைத்து ஒரு லேபல் கொண்டுபோயிருந்தேன். கம்பியூட்டர்த் திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. திரையில் ஒளிரும் அந்த நீலம் நான்கு மைக்குள் அடங்காது. மாற்றினால் மங்கி ஊதாப் பக்கம் சாயும். போட்டோஷொப் அதை ஒளிக்கவும் இல்லை. நிறம் தெரியும் பெட்டியில் ஒரு சின்ன முக்கோண எச்சரிக்கை வரும், நாங்கள்தான் அதைப் பார்ப்பதில்லை. "கடலை அச்சடிக்க ஏலாது தம்பி, கடலைப் போல ஒண்டை அச்சடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பச்சை கொஞ்சம் சேர்த்த ஒரு நீலத்தைக் காட்டினார். அதையே பல வருஷம் பாவித்தேன்.

கறுப்பு எழுத்து பற்றியும் அவர்தான் சொன்னார். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்தான் போக வேண்டும். திரையில் சாதாரணமாகத் தெரியும் கறுப்பை மாற்றினால் போட்டோஷொப் நான்கு மையையும் கலந்து கொடுத்துவிடும். அச்சில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை விலகினால் போதும், ஒவ்வொரு எழுத்துக்கும் நிற நிறமாக நிழல் விழும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். தமிழில் சுழிகள் அடைந்து போகும், புள்ளி காணாமல் போகும். வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நிறத்தை நீட்டி வைப்பது, பை ஒட்டும் ஓரத்தில் எதையும் எழுதாமல் விடுவது, எழுத்தையும் பார்கோடையும் போட்டோஷொப்பில் வைக்காமல் கொரல் ட்ரோவில் வைப்பது எல்லாம் அந்த மேசையில் நின்று படித்தவைதான். எந்த வகுப்பும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

தமிழ் எழுத்தோடு பட்ட பாடு தனி. போட்டோஷொப் 7க்கு யுனிகோட் தமிழ் பிடிபடாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். அதனால் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் அடிப்போம், சிங்களத்துக்கு எப்.எம். வரிசை எழுத்துருக்கள். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் 'புத்தளம்' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். கொழும்பில் அப்படிச் சிதறியதையே தமிழ் என்று நினைத்து அச்சடித்த பக்கெட்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத்தை வடிவமாக மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பின்னாளைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கு வசதி வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பல விரல்கள் இன்னும் பாமினியை விடவில்லை. என் விரல்களும்தான்.

ஏன் எல்லோருக்கும் ஸ்டிக்கர், ஏன் நேரே பையில் அச்சடிப்பதில்லை என்று கேட்பார்கள். பெரிய கம்பனிப் பைகளை அச்சடிக்கும் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உலோக உருளை செதுக்க வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு உருளை. தெளிந்த பிலிமில் அடிக்கும்போது நிறங்களுக்குப் பின்னால் வெள்ளை மை வேண்டும், அதற்கும் ஒரு உருளை. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மிளகாய் நெத்தலியின் இருட்டில் மேலே உள்ள படம் முழுகிவிடும். இவ்வளவும் செதுக்கிவிட்டுச் சில நூறு பை அடித்துத் தா என்று கேட்க முடியாது. பெரிய சுருளாகத்தான் எடுக்க வேண்டும். மாதம் முழுக்கச் செய்தாலும் நூறு பக்கெட் தாண்டாத குழுவுக்கு அந்தச் சுருள் சாகும்வரை போதும். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு அது ஒரு மாதச் சரக்கு. கருவாட்டைக் காயவைத்தவர் பெயரில்லாமல் போவதற்கும் வாங்கி விற்பவர் பெயர் போடுவதற்கும் உள்ள காரணங்களில் இந்த உருளைக்கும் பங்குண்டு. டிஜிட்டல் அச்சு வந்து சின்ன அளவிலும் பை அடிக்கலாம் என்ற நிலை மெதுவாகத்தான் வந்தது.

ஸ்டிக்கரிலும் உப்பும் கருவாடும் சும்மா விடுவதில்லை. கழுவாத உப்பில் மக்னீசியம் இருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாரியில் பை வியர்த்து ஸ்டிக்கர் உரியும். பை வாயில் ஒரு உப்புக் கல் சிக்கினாலே ஒட்டு பிடிக்காது. கருவாட்டின் முள் மெல்லிய பொலித்தீனைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அதன் எண்ணெயோ லேபலின் மையைக் கரைக்கும். பொலித்தீன் மணத்தையும் தடுக்காது. கருவாட்டுப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் பிஸ்கட் அடுக்கிய கடைக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே முதல் சில வருஷம் யாரும் பொருட்படுத்தவில்லை. நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் பெயர், முகவரி, ஆகக்கூடிய சில்லறை விலை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வந்தபின் கடைகளும் கேட்கத் தொடங்கின. உப்பென்றால் அயடீன் கலந்தது என்று இருக்க வேண்டும். மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் இந்த நாட்டில் கட்டாயம். சுப்பர்மார்க்கட்டுக்குப் போக ஆசைப்பட்டவர்களுக்குப் பார்கோடும் வேண்டும். மிளகாய் நெத்தலி செய்த ராத்தா ஒருவர் பக்கெட் முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது பார்கோடு மட்டும் ஏன் கறுப்பு, அதையும் சிவப்பாக்கு என்றார். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டால் கடை மெஷினுக்கு ஒன்றுமே தெரியாது. அது சிவப்பு வெளிச்சத்தில் படிக்கிறது, அந்த வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்று சொன்னேன். டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

479 என்று தொடங்கும் பார்கோடு இலங்கைப் பொருளுக்கு அடையாளம் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணைக் கம்பனி இலங்கையில் பதிவு செய்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது எங்கிருந்தும் வந்திருக்கலாம். தாய்லாந்திலிருந்து வரும் நெத்தலிக் கருவாட்டையும் கற்பிட்டி நெத்தலியையும் ஒரே மாதிரிப் பையில் போட்டால் கோடுகளைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. ஊரை எழுதினால்தான் தெரியும்.

ஆனால் ஊர்ப் பெயரைப் போட எங்கள் ஆட்களே தயங்கினார்கள். எனக்கு இந்த வேலையில் மிஞ்சிய வருத்தம் இதுதான். முகவரியைச் சின்னதாக்கு, முடிந்தால் கொழும்பிலுள்ள மச்சானின் முகவரியைப் போடு என்பார்கள். "கற்பிட்டி எண்டு போட்டா ஆரு வாங்குவாங்க?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு வேறு சிக்கல். அவர் செய்தது யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம், செய்த இடம் தில்லையடி. எந்த ஊரை எழுதுவது? கடைசியில் முன்பக்கத்தில் கைப்பக்குவத்தின் ஊரும் பின்பக்கத்தில் செய்த ஊருமாக இரண்டையும் போட்டோம். நான் செய்ததில் எனக்குப் பிடித்த லேபல் அது.

யார் வாங்குவார் என்று கேட்கும் இந்த ஊரின் பழைய பெயரைப் பாருங்கள். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளம்தான் என்கிறார்கள். கண்டி இராச்சியத்துக்குக் கடல் வழி புத்தளம். அந்த வழியை அடைத்துப் பிடிக்கத்தான் ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில். இவ்வளவு இருந்தும் ஒரு நூறு கிராம் பக்கெட்டில் அந்தப் பெயரைப் போட வெட்கம்.

ஊர்ப் பெயருக்கு விலை உண்டு என்பதைப் பெரியவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். வாளேந்திய சிங்கச் சின்னத்தை, முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இங்கேயே பொதி செய்யப்பட்டால் மட்டுமே பாவிக்கலாம். சிலோன் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. 2025 மார்ச்சில் ஆனையிறவு உப்பு 'ரஜ லுணு' என்ற பெயரில் பக்கெட்டில் வந்தபோது ஆனையிறவு என்றே போட வேண்டும் என்று வடக்கில் குரல் எழும்பியது. பக்கெட்டின் முன்பக்கத்து ஒரு சொல்லுக்காக அரசியல்வாதிகள் பேசியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வந்தது. அதே ஆண்டு மழையால் உப்பு விளைச்சல் கெட்டு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியபோது, ஒருநாளும் லேபல் பார்க்காத என் உம்மாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கெட்டைத் திருப்பி, எந்த ஊர் உப்பு என்று தேடினார்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் குறைவு. பிள்ளைகள் போனிலேயே லேபல் செய்துவிடுகிறார்கள். நிறத்தையும் எழுத்தையும் எங்களைவிட அடக்கமாகப் பாவிக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம். மீன் படத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்குகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி காட்டிய நெத்தலிக்கு முதுகில் இரண்டு செட்டை இருந்தது. நெத்தலிக்கு ஒன்றுதான். கடற்கரைக்கு அரை மணி நேரப் பயணம், கையில் கமெரா உள்ள போன், பிறகு எதற்கு இது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை கண்டக்குழியில் எடுத்த படத்தோடு வந்தார், கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மீன் மீனாக இருந்தது.

அவரிடம் சொன்னதையே இங்கு சமைத்தும் காயவைத்தும் விற்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். பெயரை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், நட்சத்திரமும் போடுங்கள். ஆனால் கற்பிட்டி, கண்டக்குழி, பாலாவி, தில்லையடி, எந்த ஊரோ அதை முன்பக்கத்தில், நிறைக்கு மேலே, கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் போடுங்கள். ஸ்டிக்கரில் இன்னொரு சொல் கூடினால் அச்சகத்தில் ஒரு சதமும் மேலதிகமாகக் கேட்பதில்லை.